ஒழுக்கு இன்ஸ்பெக்டரின் மோட்டார் சைக்கிள்

திருவனந்தபுரத்தில் தெருத்தெருவாகத் தண்ணீர்க் குழாய் பதித்துச் சில வருஷங்கள் ஆனபின் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று ஊரைச் சுற்றிப் பார்த்து, ஒழுகினால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆர்டரில் இந்த வேலைக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. கரமனையில் எங்கள் தெருக்காரர்களுக்கு அது வாயில் நுழையவில்லை. 'ஒழுக்கு இன்ஸ்பெக்டர்' என்று வைத்துக்கொண்டார்கள். மூக்கு ஒழுகும் குழந்தையை என் எதிரே கொண்டுவந்து நிறுத்தி, இதற்கு ஒரு நோட்டீஸ் கொடுங்கோ என்பார்கள். நானும் சிரிப்பேன். இது எனக்கு முதலில் தோன்றாமல் போயிற்றே என்று உள்ளுக்குள் வருத்தமாக இருக்கும்.

அதற்கு முன் எட்டு வருஷம் அதே ஆபீசில் நகல் பிரிவில் இருந்தேன். மேலதிகாரிகள் எழுதியதை மூன்று பிரதி எடுப்பது வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என்னைக் கெடுத்தது அதுதான். வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பம் எழுதினால், அந்த விண்ணப்பத்தின் அழகைப் பார்த்தே மறுத்துவிடுவார்கள். எனக்குப் பின்னால் தலைமை குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். என் பிடரியை அவர் பார்த்த அளவுக்கு என் சம்சாரம்கூடப் பார்த்ததில்லை.

வீட்டிலும் நிலைமை ஏறக்குறைய அதேதான். நான் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் கோவில் மராமத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கல், சுண்ணாம்பு, மரம், அரக்கு, மெழுகு, இவற்றில் எது எதைப் பிடிக்கும், எது எதை விடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நல்ல மனுஷர். என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. ஆனால் நான் பல் தேய்ப்பதிலிருந்து படுக்கையை உதறுவது வரைக்கும் அவருக்கு ஒவ்வொன்றிலும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை.

ஆக அந்த எட்டு வருஷமும் ஆபீசில் பின்னால் ஒருவர், வீட்டில் முன்னால் ஒருவர். புது உத்தியோகத்தில் காலை ஏழரையிலிருந்து பத்தரை வரை மோட்டார் சைக்கிளில் சுற்றும் மூன்று மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது. அப்போதும் ஊரே பார்க்கத்தான் பார்க்கும். ஆனால் யார் என்ன சொன்னாலும் அந்தச் சத்தத்தில் காதில் விழாது. அதுதான் அந்த உத்தியோகத்தின் பெருமை.

வண்டியை நான் வாங்கியது ஊருக்குத் திரும்பிப்போன ஓர் எஸ்டேட் துரையிடம். எஞ்சின் அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒழுகுவது இந்த ஜாதி வண்டியின் சுபாவம், பயப்பட ஒன்றுமில்லை என்று துரை சொன்னார். குழாய் ஒழுக்குக்கு நோட்டீஸ் கொடுக்கப்போகும்போது வீட்டுக்காரர்களும் என்னிடம் அதையேதான் சொல்வார்கள், நான் நம்பமாட்டேன். துரை சொன்னதால் நம்பினேன். எங்கள் வாசலில் தினமும் காலையில் வட்டமாக ஓர் எண்ணெய்ப் பொட்டு இருக்கும். சம்சாரம் ஒரு மாதம் அதைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அதையே முதல் புள்ளியாக வைத்து அதைச் சுற்றிக் கோலம் போட ஆரம்பித்துவிட்டாள்.

வினை ஆபீஸ் வாசலில் வந்தது. புதிதாகச் சிவப்புச் சிமெண்டு மெழுகிய போர்ட்டிகோவில் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் தோசை அகலத்துக்கு எண்ணெய். எங்கள் எஞ்சினியர் அதன் கரையில் நின்றுகொண்டிருந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர், மலையாளத்தில்தான் பேசுவார். "எடோ, மத்தவனுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுக்கற ஆள் நீதானே?" என்று கேட்டார். பிறகு வெள்ளையம்பலம் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தன்னை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார்.

அங்கேதான் வண்டியின் இரண்டாவது வியாதி வெளிப்பட்டது. ஹேண்டில் நேராக இருக்கும்போது ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி சிக்கிக்கொள்ளும். அதிலிருந்து விடுபட்டால் இரண்டு பக்கமும் உதற ஆரம்பிக்கும். நான் பழகியிருந்தேன், உதறும்போது நானும் சேர்ந்து உதறிக்கொள்வேன். எஞ்சினியர் பழகவில்லை. பாளையத்துச் சரிவில் இறங்கும்போது வண்டி முடியாது முடியாது என்று தலையாட்டிற்று. பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, தொட்டிக்கு நடந்தே போனார்.

மறுநாள் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குப் போர்ட்டிகோவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அடியில் ஒரு வெள்ளைத் தாள் விரிக்கப்படும். கால்மணி நேரம் கழித்துத் தாளில் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. அதன் பிறகு அவரே ஏறி ஓட்டிப் பார்ப்பார். சென்னையில் படித்தபோது அவரிடமும் ஒரு வண்டி இருந்ததாம். இரண்டில் எது தவறினாலும் நல்ல சைக்கிள் வைத்திருக்கும் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். நான் நகல் பிரிவுக்குத் திரும்பலாம். வெளியே வரும்போது தலைமை குமாஸ்தா என் பழைய நாற்காலியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

தம்பானூரில் ஒரு கொட்டகையில் பஸ் எஞ்சின்களைப் பிரித்துப்போடும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். முன் சக்கரத்தைத் தூக்கச் சொல்லி, ஹேண்டிலை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தார். "சாறே, தலைக்குள்ளே குண்டெல்லாம் உணங்கிக் கிடக்கு. கிரீஸ் கண்டு வருஷம் எத்தனையாச்சோ" என்றார். ஹேண்டில் சுற்றும் கழுத்துக் குழாயில் மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம். இரண்டிலும் பதினெட்டுப் பதினெட்டாக இரும்புக் குண்டுகள். காய்ந்து போனதால் குண்டுகள் இருந்த இடத்திலேயே குழி பறித்துக்கொண்டிருக்கின்றன. பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிண்ணத்தைத் திருப்பி வைத்து, கிரீஸை அப்பி, மறுபடி பூட்டினால் போதும். சக்கரத்தைத் தூக்கி விரலால் தொட்டால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழ வேண்டும். ஆனால் ஆடக் கூடாது. அதுதான் கணக்கு. எஞ்சின் ஒழுக்கைப் பற்றிக் கேட்டேன். அது பெரிய வேலை, அதற்கு எஞ்சினைப் பிளக்க வேண்டும், இந்த வாரம் கை ஒழியாது என்றார். சனிக்கிழமை கொண்டுவந்தால் கழுத்துக்கு மட்டும் கிரீஸ் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மாமனார் சாப்பிடும்போது அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையை நான்தான் தீர்த்து வைப்பேன். அன்றைக்கு வண்டியின் கதையை நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். மோர் விட்டுக்கொள்ளும்போது அவர், "கிரீஸ் கிரீஸ்ங்கறேளே, அது என்ன சாமானாக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வது எனக்கு எப்போதுமே வராது. சம்சாரம் சிரிப்பாள் என்று நினைத்து, "சீமையிலே மாட்டுக் கொழுப்பைக் காய்ச்சி டப்பியிலே அடைச்சு அனுப்பறா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மாமனார் மோர்சாதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார். எஞ்சினில் ஊற்றுவது பூமிக்கடியிலிருந்து வரும் எண்ணெய். மண்ணெண்ணெய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் அதில் தோஷமில்லை. இந்தக் கிரீஸ் வாசற்படி ஏறக் கூடாது. தம்பானூரில் போட்டுக்கொண்டு வந்தாலும் வண்டி நம் வாசலில், கோலத்தின் மேல்தானே நிற்கப்போகிறது? அதனால் அதுவும் கூடாது. தொட்டவர் ஆற்றில் முங்கிவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

நான் சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன், கிரீஸ் எதில் செய்கிறார்கள் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்கோ சொல்றதெல்லாம் வேடிக்கைதான்னு எனக்குத் தெரியும், மாப்பிள்ளே. இத்தனை வருஷத்துலே இது ஒண்ணுதான் நெஜம் மாதிரி இருந்தது" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சில் ஒன்றையாவது அவர் நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். நம்பியது இதை.

இரண்டு நாள் யோசித்தேன். நல்லெண்ணெய் நீர்த்தது, நிற்காது. நெய் வைத்தால் எறும்பு வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமனாரே ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தார். அவருக்கும் என் உத்தியோகத்தின் மேல் அக்கறை உண்டு. நான் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் வீட்டில் அதிகம் பேசுவேன் என்பது அவர் அனுபவம். பொட்டலத்துக்குள் இலந்தைப்பழ நிறத்தில் ஒரு உருண்டை பளபளத்தது.

"அஷ்டபந்தம்" என்றார். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்னக் கோவிலில் அந்த வாரம் கும்பாபிஷேகம். மூலவரைப் பீடத்தில் நிறுத்த அரக்கு, குங்கிலியம், காவி, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுச் சாமான்களைச் சேர்த்து நாள்கணக்கில் உலக்கையால் இடித்து எடுக்கும் பசை. இடிப்பதை மேற்பார்க்க இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். இது மிச்சம், பிரதிஷ்டைக்குப் போகாதது, எட்டில் ஒன்றுகூட அசுத்தம் கிடையாது. "தொட்டுப் பாருங்கோ" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி விரலில் வழுக்கிற்று. தம்பானூரில் டப்பிக்குள் பார்த்த கிரீஸும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

சம்சாரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன்னா, இது ஒட்டற சாமானில்லையோ? உங்களுக்கு வேண்டியது வழுக்கற சாமானன்னா?" என்று கேட்டாள். பெரிய அதிகாரிகள் பேசிக்கொண்டிருக்கும்போது நகல் பிரிவு குறுக்கே பேசக் கூடாது என்று நான் சொன்னேன். அந்த வாரத்தில் வாயால் நான் செய்த இரண்டாவது காரியம் அது.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டு வந்ததும் வேலை ஆரம்பமாயிற்று. வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஆட்டுக்கல்லைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்தேன். விளக்கு, ஹேண்டில், மேல் மரை எல்லாவற்றையும் கழற்றினேன். முன்பக்கம் முழுவதையும் மெல்லக் கீழே இறக்கினால் குண்டுகள் கிண்ணத்திலேயே இருக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. குண்டுகள் பொலபொலவென்று கொட்டித் தெருவில் ஓடின. எதிர்வீட்டு மாமி ஒருத்தி சாக்கடையை முறத்தால் அணைகட்டியதால் பிழைத்தேன்.

சம்சாரம் உள்ளே போய்ப் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வந்தாள். மேல் கிண்ணத்துக் குண்டுகள் ஒரு வரிசை, கீழ்க் கிண்ணத்துக் குண்டுகள் ஒரு வரிசை, குழிக்கு மூன்றாக வைத்தாள். முப்பத்தாறும் இருந்தன. கழுவி, துடைத்து, கிண்ணங்களைத் திருப்பி வைத்து, மாமனார் உருண்டையைக் கையில் பிசைந்து இளக்கித் தரத்தர, இரண்டு கிண்ணத்திலும் அப்பினேன். குண்டுகள் அதில் பதித்த முத்து மாதிரி உட்கார்ந்தன. ஒன்றுகூட விழவில்லை. மாமனார் திருப்தியோடு தலையசைத்தார். தூக்கிப் பூட்டும்போது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பிடித்தோம். விரலால் தொட்டேன். ஹேண்டில் தானாக விழவில்லை. தேனில் கரண்டி திரும்புகிற மாதிரி மெதுவாகத் திரும்பிற்று. அதுவும் ஓர் அழகாகத்தான் இருந்தது.

கொஞ்சம் பசை மிச்சமிருந்தது. கோவில் சாமான், கால்படும் இடத்தில் போடக் கூடாது. என்ன செய்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலம் வரை ஓட்டிப் பார்த்தேன். ஹேண்டில் உதறவே இல்லை. உதறுவதற்கு அதற்கு இடமே இல்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. வாசலுக்கு வந்து, சுவரோரமாக இடம் அடங்குவதற்காக ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்தினேன். பகல் முழுவதும் நல்ல வெயில். சாயங்காலம் ஒரு மழை பெய்து குளிர்ந்தது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வண்டியை எடுக்கப் போனேன். ஹேண்டில் இடது பக்கம் பார்த்தபடி நின்றது. நேராக்கப் பார்த்தேன். அசையவில்லை. முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு திருகினேன். வண்டியும் நானும் சேர்ந்துதான் திரும்பினோம். அந்த நிலையில் வண்டியால் செய்யக்கூடியது ஒன்றுதான்: தெருவிலேயே இடது கைப்பக்கமாக வட்டம் போட்டுக்கொண்டிருக்கலாம். அந்தத் தெரு அகலத்தில் அதற்கும் வழியில்லை.

மாமனார் வந்து பார்த்தார். ஹேண்டிலைத் தட்டினார். கையால் ஒருதரம் அழுத்தினார். அவர் முகத்தில் வருத்தம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஆசாரி தன் கதவின் பொருத்தத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஸ்வாமி பன்னிரண்டு வருஷம் அசையாம நிக்கறதுக்குள்ள சாமானாக்கும். நான் கொடுத்தது சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றார்.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். தலைமை குமாஸ்தா தூசி தட்டிய நாற்காலி கண்முன் வந்தது. பிடரியில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. கேலியாக ஏதாவது சொல்லலாம் என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. சம்சாரம் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது புதுசு.

"பன்னிரண்டு வருஷம் கழிச்சு அதை எப்படிப்பா எடுப்பேள்?" என்று தன் அப்பாவிடம் கேட்டாள்.

"சூடு காட்டி இளக்குவோம்."

குளிக்கப் போட்டிருந்த வெந்நீர்த் தவலை அடுப்பில் தளதளவென்று இருந்தது. சொம்பு சொம்பாக மொண்டு வண்டியின் கழுத்தில் ஊற்றினாள். மாமனார் இன்னொரு தவலையைத் தூக்கி வந்து வைத்தார். நாலாவது சொம்பில் சிவப்புச் சாறு கசிந்தது. ஆறாவதில் ஹேண்டில் முனகிக்கொண்டு திரும்பிற்று. சூடு ஆறுவதற்குள் பிரித்தோம். அடைத்திருந்ததைக் கரண்டிக் காம்பால் சுரண்டினேன். மாமனார் சுரண்டியதையெல்லாம் கீழே விழவிடாமல் இலையில் ஏந்திக்கொண்டார். குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிப் பல்லாங்குழியில் வைத்தபோது முப்பத்தைந்துதான் இருந்தன. முப்பத்தாறாவதைப் பக்தியோடு இலையில் மடித்து அவர் இடுப்பில் செருகியிருந்தார். கேட்டு வாங்கிச் சேர்த்தேன்.

இனி கிண்ணத்தில் எதை வைப்பது? மணி எட்டு தாண்டியிருந்தது. தம்பானூருக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வர நேரமில்லை. சம்சாரம் மாடத்திலிருந்து விளக்கெண்ணெய் சீசாவை எடுத்து நீட்டினாள். கெட்டியான எண்ணெய், வீட்டு எண்ணெய், யாரும் ஆட்சேபிக்க முடியாது. ஊற்றினேன். பூட்டினேன். சக்கரத்தைத் தூக்கி விரலால் தொட்டேன். ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழுந்தது. எஞ்சின் ஒழுக்கு ஞாபகம் வந்ததே அப்போதுதான். குனிந்து பார்க்க நேரமில்லை. அது விதிப்படி நடக்கட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

பத்து மணிக்குப் போர்ட்டிகோவில் நகல் பிரிவு முழுவதும் கூடியிருந்தது. வெள்ளைத் தாளைத் தலைமை குமாஸ்தாவே எடுத்து வந்து விரித்தார். மூலைகளில் கல் வைத்தார். எஞ்சினியர் கடிகாரத்தை எடுத்தார். எஞ்சின் படபடவென்று ஓடிற்று. நான் தாளைப் பார்க்காமல் தாளைப் பார்க்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம். ஒன்றும் இல்லை. பத்து நிமிஷம். தலைமை குமாஸ்தா குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். நானும் குனிந்தேன். எஞ்சினின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில், வழக்கமாக எண்ணெய் கசியும் நீளம் முழுவதும், இலந்தைப்பழ நிறத்தில் ஒரு கோடு ஓடியது. விரல் பதிந்த அடையாளம்கூட இருந்தது. சின்ன விரல்.

அந்தச் சந்தோஷத்தில் நிமிரும்போதே ஒரு சொட்டு தாளின் ஓரத்தில் விழுந்தது.

எஞ்சினிலிருந்து அல்ல, கழுத்திலிருந்து. விளக்கெண்ணெய் சூட்டில் இளகிக் குழாய் வழியாக இறங்கி வந்திருந்தது. தலைமை குமாஸ்தா அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

எஞ்சினியர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "ஆவணக்கெண்ணெயல்லே? வயிறு இளக்கக் குடிக்கறது?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். சாப்பாட்டில் நான் விட்ட கதை, மாமனாரின் தீர்ப்பு, கும்பாபிஷேகம், பல்லாங்குழி, வெந்நீர், எல்லாம். ஒன்றையும் கூட்டவில்லை. நகல் பிரிவு விழுந்து விழுந்து சிரித்தது. இவன் எப்போதும் இப்படித்தான் அளப்பான் என்றார் தலைமை குமாஸ்தா. எஞ்சினியர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாக்கத்தியை எடுத்து அந்தச் சிவப்புக் கோட்டைக் கீறினார். கத்தி வழுக்கிற்று. இன்னொரு தரம் அழுத்திக் கீறினார். பிறகு கத்தியை மடக்கி வைத்துவிட்டு, வண்டியில் ஏறிப் புறப்பட்டுப் போய்விட்டார்.

பத்து நிமிஷம் கழித்து வந்தார். தலைமுடி கலைந்திருந்தது, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார்.

"உதறல் இல்லை. எஞ்சின் ஒழுக்கும் நின்னாச்சு. கழுத்துக்கு ஒரு வாரம் தரேன், நல்ல கிரீஸ் போட்டுக்கணும்" என்றார். அப்புறம், "அந்தப் பசை உண்டாக்கற ஆளு இப்பவும் ஜீவனோட உண்டோ?" என்று கேட்டார்.

இன்று காலைவரை இருந்தார் என்றேன்.

தொட்டியில் ஒரு பெரிய குழாயின் மூட்டு வைத்த நாளிலிருந்து கசிகிறதாம். ஈயம் அடித்தும் பார்த்தார்கள், சணல் சுற்றியும் பார்த்தார்கள். நாளைக்கு அந்த மனுஷரை அழைத்து வர வேண்டும் என்றார். எதில் அழைத்து வருவது என்று நான் கேட்டேன். அவர் என் வண்டியைக் காட்டினார்.

வீட்டுக்குப் போய்ச் சம்சாரத்திடம் சிவப்புக் கோட்டைப் பற்றிக் கேட்டேன். தவலை ஒழுகினால் அரக்கு வைத்து அடைப்பதில்லையா, அதைத்தான் செய்தேன் என்றாள். எஞ்சினின் அடிவயிற்றில் வெந்நீர்ச் சூடு ஏறாது என்று முன்பே கைவைத்துப் பார்த்திருந்தாளாம். மிச்சப் பசையைக் கால்படாத இடத்தில் போடவேண்டியிருந்தது. முதலில் சாம்பலும் புளியும் போட்டு எஞ்சினை நன்றாகத் துலக்கிக்கொண்டாளாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அரக்குப் பிடிக்காது என்பது பாத்திரம் துலக்குகிற யாருக்கும் தெரியும் என்றாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தப்பித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் தெரியாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மாமனார் பஞ்சகச்சம் கட்டி, குடையை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே தயாராக நின்றார். பின்னால் உட்காரும் இரும்புச் சட்டத்தில் தான் சாப்பிட உட்காரும் மணையைக் கயிற்றால் கட்டச் சொன்னார். அதன் மேல்தான் உட்கார்ந்தார். தொட்டியில் அந்த மூட்டுக்கு அவர் பசை இடித்துக் கொடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. அது பிடித்துக்கொண்டபின் வேறு மூட்டுகள் வந்தன. எஞ்சினியர் அவரைத் தொட்டியின் சாவி இருக்கும் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மாமனார் அந்த நாற்காலியைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் சொன்னார்.

எனக்கு உத்தியோகம் நிலைத்தது. நகல் பிரிவு என்ற பேச்சே அதன்பின் எழவில்லை. காலை ஏழரையிலிருந்து பத்தரை வரை ஊரைச் சுற்றினேன். பின்னால் மணையில் மாமனார். தொட்டிக்குப் போகும் வழியில் எந்தெந்தக் குழாய் ஒழுகுகிறது என்று எனக்கு முன்பே கண்டுபிடித்து, குடைப்பிடியால் தோளில் தட்டிக் காட்டுவார். எஞ்சின் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்காது என்று முன்னால் சொன்னேன். காதுக்கு அவ்வளவு கிட்ட உட்கார்ந்து சொன்னால் கேட்கும்.

அந்த வாரக் கெடுவுக்குள் தம்பானூரில் கழுத்தைப் பிரித்து மெக்கானிக்கிடம் கிரீஸ் போட்டுக்கொண்டேன். டப்பியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றேன். வரும் வழியில் ஆற்றில் முங்கிவிட்டு, ஈர வேட்டியோடு வந்து வண்டியை வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். மாமனார் என் வேட்டியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் கிள்ளிப்பாலம் தாண்டும்போது தோளில் குடைப்பிடி விழுந்தது.

"மாப்பிள்ளே, ஹேண்டில் நன்னாத் திரும்பறதே. தலைக்குள்ளே இப்போ என்ன போட்டிருக்கேள்?"

நாக்கு நுனிக்கு இரண்டு பதில்கள் வந்துவிட்டன. இரண்டும் நல்ல பதில்கள். எதிர்வீட்டு மாமிகூடச் சிரித்திருப்பாள்.

"தெரியாது" என்றேன்.

குடைப்பிடியைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு, "அப்போ சரி" என்றார். சாலைக் கடைத்தெரு முக்கில் ஒரு குழாய் ஒழுகுவதாகவும், வண்டியை இடது பக்கம் திருப்பும்படியும் சொன்னார். திருப்பினேன். திரும்பிற்று.